கல்லூரி வாசல் கருமுட்டைச் சந்தை அல்ல!



ஈரோட்டை அதுக்குள்ள மறந்துட்டோமா? 2022 ஜூன் மாதம் வெளியே வந்த வழக்கு. 16 வயதுச் சிறுமி. பெற்ற தாய், அவரோடு வாழ்ந்த ஆள், ஒரு பெண் புரோக்கர் மூவரும் சேர்ந்து, ஆதாரில் வயதைக் கூட்டிக்காட்டி, அந்தப் பிள்ளையின் கருமுட்டையைப் பலமுறை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒவ்வொரு முறையும் தாய்க்கு 20,000 ரூபாய், புரோக்கருக்கு 5,000 ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. கேரளா, ஆந்திரா மருத்துவமனைகள் வரை விசாரணை போனது.

ஈரோடு எங்கேயோ இருக்கு, நெல்லைக்கு என்னன்னு கேட்கலாம். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டுன்னு பெருமையா சொல்றோம். தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இங்கேதான் படிக்க வர்றாங்க. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற கூலியில்தான் பல வீட்டில் செமஸ்டர் ஃபீஸ் கட்டுறாங்க. இளம் வயது, ஆரோக்கியம், கையில் காசில்லாத நிலை. புரோக்கர் தேடுவது இந்த மூன்றையும்தான்.

வெளிநாட்டில் இது பட்டவர்த்தனமாகவே நடந்திருக்கு. 1999-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம்: 5 அடி 10 அங்குல உயரம், நுழைவுத் தேர்வில் 1,400 மதிப்பெண் உள்ள மாணவியின் கருமுட்டைக்கு 50,000 டாலர்! மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? 2021-ன் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயது வரை இருக்கணும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 7 கருமுட்டை. விந்தணு கொடுப்பவருக்குக் குறைந்தது 21 வயது. விற்பது, வாங்குவது, இடைத்தரகரை வைத்து ஆள் பிடிப்பது எல்லாமே குற்றம்.

இப்போ கணக்குப் போடுங்க. டிகிரி முடிக்கும்போது நம்ம பிள்ளைக்கு 20, 21 வயது. அப்படின்னா மாணவிகளைக் குறிவைத்து வரும் விளம்பரம் யாரைக் கூப்பிடுது? பெரும்பாலும் சட்டப்படி கொடுக்கவே முடியாதவர்களை! ஆதாரில் வயதைத் திருத்தும் வேலை அங்கேதான் தொடங்குது.

"18 வயசானா ஓட்டுப் போடலாம், இதை முடிவு பண்ணக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போட்ட ஓட்டை 5 வருஷத்தில் மாத்திக்கலாம். இது அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்க மருந்து கொடுத்து ஊசி வழியே முட்டையை எடுப்பார்கள். சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்களும் உண்டு. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போது போடுகிற கையெழுத்து, சுதந்திரமான சம்மதம் ஆகுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடுறோம். பிள்ளை இல்லாத தம்பதியின் வலியை நாம் கொச்சைப்படுத்தவில்லை. விவரம் தெரிந்து, வயது வந்து, மனசார ஒருவர் கொடுப்பது தானம். அதை நாம் மதிக்கிறோம். இல்லாமையைக் காட்டி இழுப்பது வியாபாரம். அதைத்தான் எதிர்க்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

🔴 பாலினத் தேர்வு விளம்பரத்தைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருப்பது போல, மாணவர்களைக் குறிவைக்கும் கருமுட்டை, விந்தணு விளம்பரங்களையும் தடை செய்ய வேண்டும். செல்போனில் வரும் விளம்பரங்களும் இதில் அடங்க வேண்டும்.

🔴 பதிவு பெற்ற கருத்தரிப்பு மையங்களின் பட்டியலை மாவட்டந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும்.

🔴 கல்வி உதவித்தொகை ஃபீஸ் கட்டும் தேதிக்கு முன்பே கைக்கு வர வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை உயர்த்த வேண்டும்.

தோழர்களே, இப்படி விளம்பரம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல்துறையில் புகார் கொடுங்க. 18 வயதுக்குக் கீழே என்றால் 1098, பெண்களுக்கு 181. உங்க கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பதிவைப் பகிருங்க.

நம்ம பிள்ளைகள் படிக்க வந்திருக்காங்க. விலை பேச யாரையும் விடக் கூடாது!

#கல்லூரி_வாசல்_சந்தை_அல்ல