கருணை, பீப்பாய் என்ன விலை?

சாகக் கிடக்கிறவனிடம் கருணை காட்டாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கருணைக்குப் பின்னால் ஓர் எண்ணெய்க் கிணறு தெரிந்தால், கொஞ்சம் நின்று மோந்து பார்ப்பதில் தப்பில்லை, இல்லையா?

1988 டிசம்பர் 21. லண்டனிலிருந்து நியூயார்க் கிளம்பிய பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தில் லாக்கர்பி என்கிற சின்ன ஊருக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர். கீழே, தன் பாட்டுக்கு வீட்டில் இருந்தவர்கள் 11 பேர். 2001 ஜனவரியில் லிபிய உளவுத்துறை ஆசாமி அப்துல் பாசித் அல் மெக்ராஹிக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது 27 வருஷம் உள்ளே இருக்கவேண்டும் என்று பிறகு நிர்ணயித்தார்கள். 2009 ஆகஸ்ட் 20 அன்று வெளியே விட்டுவிட்டார்கள். தீர்ப்பு நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஓர் உயிருக்குப் பன்னிரண்டு நாள்கூடத் தேறவில்லை.

காரணம், புற்றுநோய். மூன்று மாதம் தாங்கினாலே அதிகம் என்றார் ஸ்காட்லாந்து நீதி அமைச்சர் கென்னி மெக்காஸ்கில். மெக்ராஹி இறந்தது 2012 மே மாதம். மூன்று மாதம், முப்பத்து மூன்று மாதமாகிவிட்டது. மருத்துவக் கணிப்பு தப்பலாம், போகட்டும்.

நான் காமர்ஸ் படித்தவன். புத்தி கணக்குப் புத்தகத்துக்குத்தான் போகும். அதைப் புரட்டுங்கள். 2003-ல் லிபியா ஒரு குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. மொத்தமாக இல்லை. ஐ.நா. தடை நீங்கினால் 40 லட்சம், அமெரிக்கத் தடை நீங்கினால் இன்னொரு 40, தீவிரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் மிச்சம் 20. பிணத்துக்குத் தவணை முறை! 2004 மார்ச்சில் டோனி பிளேர் போய் கடாஃபியின் கையைக் குலுக்கினார். அதே நாளில் ஷெல் கம்பெனிக்கு எரிவாயு ஒப்பந்தம். 2007 மேயில் பிளேர் மறுபடி போனார். இம்முறை பிபிக்கு 90 கோடி டாலர் ஒப்பந்தம்.

அங்கேதான் சிக்கல். கைதிகள் பரிமாற்ற உடன்பாட்டில் மெக்ராஹியைச் சேர்க்கமாட்டோம் என்றது லண்டன். பிபி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது லிபியா. உடன்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள் என்று பிபி அரசாங்கத்தின் கதவைத் தட்டியது. தட்டியதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள், மெக்ராஹிக்காக இல்லையாம். நம்புவோம். 2007 டிசம்பரில் மந்திரி ஜாக் ஸ்ட்ரா, தேச நலன் கருதி அந்த விலக்கைக் கைவிடுவதாக ஸ்காட்லாந்துக்குக் கடிதம் எழுதினார். சில வாரங்களில் பிபிக்கு ஒப்புதல் வந்துவிட்டது.

கடைசியில் அந்த உடன்பாட்டின்படி அனுப்ப மெக்காஸ்கில் மறுத்தார். கருணை என்ற பக்கத்துக் கதவைத் திறந்தார். அவர் எண்ணெய்க்கு மயங்கினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் லண்டன்? லிபியா விடுதலை கேட்பதற்குத் தன்னாலானதையெல்லாம் செய்வதுதான் அன்றைய அரசின் கொள்கை என்று பிரிட்டனின் கேபினட் செக்ரட்டரியே 2011 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். நெருக்குதல் மட்டும் இல்லையாம்!

எனக்கு இன்னொன்றுதான் உறுத்துகிறது. இவருக்கு அநீதி நடந்திருக்கலாம் என்று 2007-ல் ஸ்காட்லாந்தின் மறு ஆய்வு ஆணையமே சொன்னது. அப்பீல் நடந்துகொண்டிருந்தது. விடுதலைக்குச் சற்று முன்னால் மெக்ராஹி அதை வாபஸ் வாங்கினார். கருணை விடுதலைக்கு அது தேவையே இல்லை. குற்றவாளி என்றால் சிறை. நிரபராதி என்றால் நீதிமன்றம். இரண்டும் இல்லாமல் விமானத்தில் ஏற்றிவிட்டால் 270 குடும்பங்கள் யாரிடம் போய்க் கேட்பது? அவர் செத்தபிறகு குடும்பம் தொடர்ந்த அப்பீல் தள்ளுபடியாக 2021 ஜனவரி ஆயிற்று.

2011 பிப்ரவரியில் லிபியாவில் சண்டை வெடித்ததும் பிபி வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே கொண்டுவந்தது. மெக்ராஹி அப்போதும் திரிபோலியில் உயிரோடுதான் இருந்தார்.