ஒரு உறையில் இரண்டு கத்தி!

"ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது" என்பார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும்!

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய புரோகிராம் விழித்து எழுகிறது. திரை, பிரிண்டர் எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது அதுதான். அதற்கு "இயங்குதளம்" என்று பெயர். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது "விண்டோஸ்". இன்னொன்று "லினக்ஸ்". 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கி வைத்தது இது. வீட்டு உபயோகத்துக்குக் காசு கொடுக்காமலே கிடைக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக் கொள்ளலாம். வைத்துக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

எதற்காக இரண்டு?

"ஒன்று போதாதா?" என்று கேட்பீர்கள்.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதி, "விண்டோஸ் 10"-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. பதிவு செய்து கொண்டவர்களுக்கு மட்டும் ஓர் ஆண்டு தவணை. மற்றவர்கள் "விண்டோஸ் 11" போட வேண்டுமாம். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. நன்றாக ஓடுகிற வண்டியை எடைக்குப் போடு என்றால் எப்படி?

ஒரு கடைக்காரர் வீட்டை நினைத்துப் பாருங்கள். அவர் கணக்கு எழுதும் புரோகிராம் விண்டோசில்தான் ஓடும். அதை விட முடியாது. ஆனால் பாங்கிக் கணக்கைப் பார்க்கவும், மகள் பாடம் படிக்கவும் விண்டோஸ் எதற்கு? இன்டர்நெட் வேலை எல்லாம் லினக்சில் நடக்கட்டும். கணக்கு மட்டும் விண்டோசில், இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் நடக்கட்டும். விண்டோசை அடியோடு தூக்கி எறியச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடை இல்லை போலும்!

பத்து விநாடி சண்டை

தாவுவது சுலபம். பொத்தானை அழுத்தியதும் "கிரப்" என்ற பட்டியல் திரையில் வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். வேண்டியதைத் தேர்ந்து "என்டர்" தட்டினால் போதும்.

பட்டியல் சில லினக்ஸ்களில் 10 விநாடிதான் நிற்கும். அதற்குள் அப்பா காப்பி எடுக்கப் போனால், லினக்ஸ் வந்து உட்கார்ந்திருக்கும். "கம்ப்யூட்டரை யார் கெடுத்தது?" என்று பிள்ளைகள் மேல் பாய்வார். இந்தச் சண்டை தேவை இல்லை. கடைசியாகத் திறந்ததையே மறுபடி திறக்கும்படி கிரப்பில் எழுதி வைக்கலாம். இரண்டே வரி. விவரம் தெரிந்த பையன் ஐந்து நிமிடத்தில் செய்து விடுவான்.

இன்னொரு வேடிக்கை! லினக்சிலிருந்து விண்டோசுக்குத் தாவினால், காலை 10 மணிக்குக் கடிகாரம் 4½ மணி காட்டும். கம்ப்யூட்டர் கெடவில்லை. உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எண்ணிக் கொள்கிறது. லினக்சையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி விட்டால் தகராறு தீர்ந்தது.

விண்டோசில் "பாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்று ஒன்று உண்டு. அது இருந்தால், மூடிய பிறகும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் கிடக்கும். அதன் பகுதியில் லினக்ஸ் எதையும் எழுத முடியாமல் போகும். அதை நிறுத்தி விடுங்கள்.

யார் வீடு இது?

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் அனுப்பியது. இரண்டும் வைத்திருந்த சிலருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் திறக்கவே மறுத்து விட்டது! ஒரு குடித்தனக்காரர் தன் கதவுக்குப் பூட்டுப் போட்டபோது, பக்கத்துக் குடித்தனத்தையும் சேர்த்துப் பூட்டிய கதைதான். அனுப்பும் முன்பே இதைச் சோதித்திருக்க வேண்டாமா? பெட்டிக்குப் பணம் கொடுத்தவர் நாம் அல்லவா?

முதலில் கலியாணப் போட்டோக்களையும் கணக்கையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள். டிஸ்க்கைப் பிரிக்கும்போது கை தவறினால் எல்லாம் போய்விடும். பிறகு லினக்சைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் ஓடுகிறதா? பாங்கிப் பக்கம் திறக்கிறதா? திறந்தால் உள்ளே குடியேற்றுங்கள்.