துப்பாக்கிக்கு எண்ணெய், தாத்தாவுக்கு?

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. ஆயுத பூஜையன்று எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனப் பொட்டு வைப்போம். "பர்மா சண்டைல எங்கப்பா புடிச்ச துப்பாக்கிடா இது" என்பார் சித்தப்பா. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவோம்.

போன வருடம்தான் பழைய உரிமப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். அது 12 போர் வேட்டைத் துப்பாக்கி. போர் முடிந்த பிறகு காசு கொடுத்து வாங்கியது. பட்டாளத்தில் கொடுத்த .303 ரைபிள் சர்க்கார் சொத்து. ஆளை அனுப்பும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார்கள். சித்தப்பாவிடம் சொன்னேன். "படிச்சிட்டா எல்லாம் தெரியுமோ?" என்றார்.

துப்பாக்கியை விற்கச் சொல்லவில்லை. சட்டமே வாரிசுக்கு வழி விட்டிருக்கிறது. 2019 திருத்தப்படி ஒருவர் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். என் சண்டை வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தாத்தா. அவர் எந்தப் படைப்பிரிவு? எந்த வருடம் திரும்பினார்? ஏன் அதைப் பற்றிப் பேசவே இல்லை? வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. இரும்புக்கு மட்டும் துரு ஏறவிடாமல் பார்த்துக்கொண்டோம். இதற்குப் பெயர் பாரம்பரியமா?

தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பாருங்கள். செத்தவன் பெயர், யாருடைய ஆள், எந்த ஆநிரைச் சண்டை என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவன் பிடித்த வாள் மண்ணாகிவிட்டது. ஆயிரம் வருடம் தாண்டியும் ஆள் நிற்கிறான்.

இன்னொன்று. சித்தேரி மலையில் ஒருவர் தன் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியை உரிமமில்லாமல் வைத்திருந்தால் அது குற்றம், ஜெயில். எங்களுடையது மட்டும் 'குடும்பப் பெருமை'. உரிமம் இல்லாத துப்பாக்கி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த மலைக்காரருக்கும் ஒரு தாத்தா இருந்தார். பெருமை பேசும்போது காகிதம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பேசுவோம் என்கிறேன்.

துப்பாக்கி பீரோவிலேயே இருக்கட்டும், சுட முடியாதபடி செயலிழக்க வைத்து. பெரியத்தைக்கு 84 வயது. தாத்தா ராத்திரியில் அலறி எழுந்ததை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த ஆயுத பூஜைக்குள் அவர் சொல்வதையெல்லாம் எழுதி, துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.