பெருநாள் பரிசும் பெயரில்லாச் சாரமும்

நோன்புப் பெருநாளைக்கு வாப்பாவுக்குச் சாரம் ஒன்று வாங்கப் புறக்கோட்டைக்குச் சென்றிருந்தேன். கடைக்காரர் பளபளக்கும் பெட்டிகளில் வந்த இந்தோனேசிய, இந்தியச் சாரங்களை அடுக்கிக் காட்டினார். அவற்றுக்கு அடியில் பெட்டியோ முத்திரையோ இல்லாத ஒரு சாரம் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். நெருக்கமான நெசவு.

"இது எங்க உள்ளது?"

"மருதமுனைக் கைத்தறி நானா. கேட்டு வாறவங்களுக்கு மட்டும்தான் காட்டுற."

கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே!

அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை தலைமுறை தலைமுறையாக நெசவுக்குப் பேர்போன ஊர். 2004 சுனாமி அவ்வூரைப் பெரிதும் சிதைத்தது. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதி நூலின் விலை ஏறியது. அத்தனையையும் தாண்டி அங்கு தறிகள் ஓடுகின்றன. ஆனால், நான் கண்ட சாரம் கொழும்புக்கு வருவதற்குள் ஊரின் பெயரைத் தொலைத்திருந்தது. பெயரில்லாத பொருளுக்கு விலை பேசும் பலம் நெய்தவரிடம் இருப்பதில்லை; இடையில் நிற்பவரிடமே இருக்கிறது.

அனுதாபத்துக்காக வாங்குங்கள் என்று நான் கூறவில்லை. தரம் இருக்கிறது, அடையாளம்தான் இல்லை. நெசவாளர்கள் கூட்டாக ஒரு முத்திரையையும் எளிய அட்டைப் பெட்டியையும் உருவாக்க வேண்டும். வியாபாரிகள் அதனைக் கண்ணில் படும் தட்டில் வைக்க வேண்டும்.

பெருநாளன்று சாரத்தை விரித்துப் பார்த்த வாப்பா, "எந்த நாட்டுச் சாமான் மகன்?" என்றார். ஊரைச் சொன்னேன். நம்பவில்லை.

அடுத்த பெருநாளைக்குக் கடையில் ஊரின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கேள்வி இருந்தால்தான் பெயரும் வரும்.