களவு யாருடைய களவு?



ஆங்கிலேயர் சட்டத்தில் ‘லார்சனி’ என்றொரு சொல் இருந்தது. பிறர் பொருளை அபகரித்துக்கொண்டு போவது என்று அர்த்தம். இதன் வேர் ‘லாட்ரோ’ என்னும் லத்தீன் சொல். முதலில் அது கூலிக்குச் சண்டையிடும் சிப்பாயைக் குறித்தது; பிறகு கொள்ளைக்காரனைக் குறித்தது. ஆயுதமேந்தியவனின் பேர் கடைசியில் யார் தலையில் விழுந்தது? ஏழையின் தலையில்!

12 பென்ஸுக்கு மேற்பட்ட களவு ‘பெரிய லார்சனி’. சட்டப்படி அதற்கு மரண தண்டனை. 1827-ல்தான் பெரிது, சிறிது என்ற பாகுபாடு ஒழிந்தது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. தூக்கிச் செல்லக்கூடிய பொருளை எடுத்தால்தான் லார்சனி. நிலத்தைத் தூக்கிச் செல்ல முடியாதே! 18, 19-ம் நூற்றாண்டுகளில் கிராமப் பொது நிலங்களைப் பிரபுக்கள் வேலியிட்டு வளைத்தார்கள். அது களவல்ல, பார்லிமெண்டே சட்டம் போட்டுக் கொடுத்தது. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கவும் ஏழைக்கு உரிமையில்லை என்று 1788-ல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

1968-ம் வருடச் சட்டம் அந்தச் சொல்லை இங்கிலாந்தில் நீக்கியது. கருத்து நீங்கிற்றா? 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் அமலிலுள்ள குற்றச் சட்டத்திலும் அசையும் பொருளை எடுப்பதே திருட்டு. ஒரு பிடி பஞ்சை எடுத்த தொழிலாளி திருடன். ஓவர்டைம் கூலியை விழுங்கிய முதலாளியோ திருடனல்ல. அதற்குக் ‘கூலித் தகராறு’ என்று பேர்!

ஆகவே, கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்துவோம். சங்கத்தில் கூடிக் கணக்குக் கேட்போம்.