குடியின் மேல் பழியைப் போட்டது போதும்

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் ஒன்றியத்தில் ஐம்பதைத் தொடாத ஓர் ஆண் இறந்தால் விசாரணை ஒரே வரியில் முடிகிறது: “குடிச்சே செத்தான்.” ஊர் சொன்னால் அது வம்பு. சுகாதாரத் துறையும் அதையே நினைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அது கடமை தவறல்.

2003 முதல் சில்லறையில் தானே சாராயம் விற்கும் அரசு, எத்தனை பாட்டில் போனது என்று அன்றன்றைக்கே கணக்கு முடிக்கிறது. வாங்கியவனின் கல்லீரல் கணக்கை யார் பார்ப்பது?

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் 7,24,115 பெண்களிடம் பேசியது. ஆண்கள் 1,01,839 பேர்தான். பெண்களைக் கேட்டது தவறே அல்ல. தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு தலைநிமிர அந்தக் கணக்குகளும் துணை நின்றன. ஆணிடம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அளந்தார்கள், புகையும் குடியும் கேட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு அவன் யாரோடு பேசுகிறான் என்று கேட்கவில்லை. 2022-ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணியிருக்கிறது. செத்த பிறகு காவல் நிலையம் எண்ணுகிறது. இருக்கும்போது எண்ணுவது எவர் வேலை?

பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் ஏறத்தாழ மூன்று மடங்கு இறந்தார்கள். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் தீரவில்லை. கெட்ட பழக்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுக் கைகழுவ முடியாது என்று அன்றே தெரிந்துபோனது.

அப்படியோர் ஆய்வுக்கு நம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்எல்சியின் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு அலைகிறவர், முந்திரிக்காட்டுக் கூலி எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இவர்களில் யார் எந்த வயதில், எதனால் சாய்கிறார்கள் என்று பிரித்துச் சொல்லும் ஓர் அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட்டதாக நாம் கண்டதில்லை.

மாநில அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மாத்திரையோடு ஊழியர் பகலில் கதவைத் தட்டும்போது, ஷிப்டுக்கும் கூலிக்கும் போன ஆண் எப்படி வீட்டில் இருப்பான்? மாலை ஆறு மணிக்கு மேல் பரிசோதனை நடத்த உத்தரவு போடுவதில் என்ன சிரமம்?

சுரங்கத்தில் வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை என்று 1955-ன் சுரங்க விதிகளே வகுத்திருந்தன. அந்தச் சோதனை முடிவுகளை, பெயர்களை நீக்கி, நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரித்து என்எல்சி வெளியிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து போனவர்களையும் அண்ணாமலை நகரிலுள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி தொடர்ந்து கவனிக்க வேண்டும். செலவை மாநில அரசு ஏற்கட்டும். முதல் அறிக்கையை வட்டார மருத்துவ அலுவலர் வரும் மே 1 கிராம சபைக் கூட்டங்களில் வாசிக்க வேண்டும். கேள்விகளுக்கு அங்கேயே பதிலும் சொல்ல வேண்டும்.