வங்கியே இரண்டு போகம் பொறுக்குது

"நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது." இயற்கை வேளாண்மைக்கு மாறி ஒரே ஒரு போகம் பார்த்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பூச்சி தின்ற வயலைவிட இந்த வார்த்தை தின்ற வயல்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

இதற்கு மருந்தாக, 'நல்லதையே நினையுங்கள்' என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும்போது சிரிச்ச முகமா இருங்கன்னு சொன்னா கோபம்தான் வரும். வரணும்.

நான் சொல்வது வேறு. 'இந்தப் போகம் விளைச்சல் குறைஞ்சுது' என்பது நடந்த விஷயம். 'நான் விவசாயத்துக்கு லாயக்கில்லை' என்பது தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மனசு ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலைத்தான் தடுக்க வேண்டும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மற்ற கடன்களில் தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஆனால் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதியே வேறு. இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன் என்று எழுதுவார்கள். இயற்கை வேளாண் சான்றளிப்பிலும் பருவப் பயிர்களுக்கு மாற்றுக்காலம் 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. வட்டி கணக்குப் பார்க்கிற வங்கியே இரண்டு போகம் பொறுக்கிறது. நாம நமக்கே ஒரு போகம்கூடக் கொடுக்க மாட்டேங்கிறோம்!

எங்கள் ஊரில் ஒரு தம்பி, ஒரு ஏக்கரில் யூரியாவை நிறுத்தி சீரகச் சம்பா வைத்தார். அதற்கு முன் பொன்னியில் 28 மூட்டை எடுத்த வயல். இதில் 15தான் வந்தது. அவர் அப்பா களத்திலேயே, "உரம் போடாம நெல்லு விளையுமாடா?" என்று கேட்டுவிட்டார். தம்பி என்னிடம் வந்து, "பாதிக்குப் பாதி போச்சு ஐயா, விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

"விடுறதுன்னா விடு தம்பி. அதுக்கு முன்னாடி நோட்டை எடு" என்றேன்.

பொன்னி மூட்டை 1,200 ரூபாய்க்குப் போயிருந்தது: 33,600. சீரகச் சம்பா மூட்டை 1,900: 28,500. வரவில் 5,100 குறைவு, உண்மைதான். உரம், பூச்சிமருந்துக்கு முந்தைய ஆண்டு செலவான 7,500 இந்த முறை இல்லை. களையெடுப்புக்கும் பஞ்சகவ்யத்துக்குமாகக் கூடுதலாக ஆனது 3,500. கூட்டிக் கழித்தால் நட்டம் 1,100 ரூபாய். 'பாதிக்குப் பாதி' எங்கே, 1,100 எங்கே! மூட்டையை மட்டும் எண்ணின மனசு, கடைக்காரருக்குக் கொடுக்காத பணத்தை எண்ணவே இல்லை.

இதனால் இயற்கை வழியில் நட்டமே வராது என்று நான் சொல்லவில்லை. 1,100 நட்டமும் நட்டம்தான். ஆனால் அதற்குக் காரணம் தேடலாம். களை ஏன் அவ்வளவு வந்தது? நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதோமா? கோனோவீடர் ஓட்டினோமா? நோட்டில் இருக்கும் எண்ணோடு இப்படிப் பேச முடியும். 'லாயக்கில்லை'யோடு என்ன பேச முடியும்?

எல்லாப் பயமும் பொய்யல்ல. குத்தகை நிலம், கைமாற்றுக் கடன், அதில் முழு நிலத்தையும் ஒரே வருஷத்தில் மாற்றப் போகிறேன் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தைக் கேளுங்கள். ஒரு மாவில் மட்டும் ஆரம்பியுங்கள், மீதி இருக்கிறபடி இருக்கட்டும்.

தனியாக உட்கார்ந்து கணக்குப் போடாதீர்கள் என்பது இன்னொன்று. ராத்திரி ரெண்டு மணிக்குப் போடும் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும். காலையில் பக்கத்து வயல்காரரோடு வரப்பில் உட்கார்ந்து போடுங்கள். தூக்கமே போய், உயிரோடு இருந்து என்ன என்கிற அளவுக்கு மனசு போனால் நோட்டெல்லாம் போதாது. வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அரசின் 104 எண்ணுக்குப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தம்பி இந்தச் சம்பாவுக்கும் சீரகச் சம்பாதான் நட்டிருக்கிறார், தக்கைப்பூண்டு மடக்கி உழுதுவிட்டு. அவர் அப்பாவுக்கு இன்னும் திருப்தியில்லை. ஆனால் போன வாரம் களையெடுப்புக் கூலி எவ்வளவு ஆச்சு என்று கேட்டு, நோட்டில் அவரே எழுதினாராம்.